‘விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம்’: எழுதப்படாத மணி நேரங்கள்

இரவு நேரத்தில் நமது அறக்கட்டளைக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ரத்தம் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்பவைதாம். இடையிடையே வேறொரு வகை அழைப்பும் வரும். “தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க பாய். விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்னு சொன்னாங்க. இன்னும் வரலை.” எந்த ஸ்டேஷன், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, எத்தனை மணிக்கு, என்ன வழக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. பதறிப்போன வீட்டில் யாரும் அதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்பதைத்தான் இந்த இதழில் விளக்க நினைக்கிறோம். குற்றம் செய்தவரைக் காப்பாற்றும் வழி சொல்வதற்காக அல்ல. நம் மஹல்லாவிலும் திருட்டு நடக்கிறது, போதைப் பொருள் வந்துவிட்டது, அவற்றைத் தடுக்கக் காவல்துறைதான் வேண்டும். ஆனால் ஒருவரை அழைத்துச் சென்ற நேரத்துக்கும், அவர் கைது செய்யப்பட்டதாகக் காகிதத்தில் எழுதப்படும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. காவல் நிலைய வன்முறையின் கதை பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

சட்டப்படி ஒருவர் காவல் நிலையத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு. தானாகப் புகாரோ தகவலோ கொடுக்கப் போகலாம். எழுத்துமூலமான அழைப்பின் பேரில் போகலாம். கைதாகிப் போகலாம். ‘சும்மா விசாரணைக்கு’ என்று பிடித்துப்போய் உட்கார வைக்கும் நான்காவது வழி சட்டத்தில் கிடையாது.

காசியாபாத்தில் ஐந்து நாள்

1994 ஜனவரி 7. உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத்தில் 28 வயது வழக்கறிஞர் ஒருவரை, ஒரு வழக்கு சம்பந்தமாகக் கேட்க வேண்டும் என்று மாவட்டக் காவல் உயரதிகாரியின் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அண்ணன் தம்பிகளோடு காலையில் போனார். அவரை வெளியே விடவில்லை. பகல் 12.55 மணிக்கே அவருடைய சகோதரர் ஒருவர் முதலமைச்சருக்குத் தந்தி அடித்துவிட்டார், பொய் வழக்கில் சிக்க வைத்துவிடுவார்களோ, உயிருக்கே ஆபத்து வருமோ என்ற அச்சத்தில். மாலையில் விட்டுவிடுவோம் என்றார்கள். மறுநாளும் விடவில்லை. பிறகு அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்பதே குடும்பத்துக்குத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே அவர் கண்ணில் காட்டப்பட்டார்.

நீதிமன்றத்தில் அந்த உயரதிகாரி கொடுத்த விளக்கம் என்ன தெரியுமா? அவரைக் காவலில் வைக்கவே இல்லையாம். சில கடத்தல் வழக்குகளில் அவருடைய உதவியைப் பெற்றார்களாம், அவரும் ஒத்துழைத்தாராம். ஐந்து நாள்!

ஜோகிந்தர் குமார் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற தீர்ப்பு இதுதான். கைது செய்ய அதிகாரம் இருப்பது ஒன்று, இந்த ஆளை இப்போது கைது செய்யக் காரணம் இருப்பது இன்னொன்று என்று உச்ச நீதிமன்றம் அதில் பிரித்துக் காட்டியது. நம் நாட்டில் நடக்கும் கைதுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்று தேசியக் காவல் ஆணையத்தின் மூன்றாவது அறிக்கை சொன்னதையும் அது எடுத்துக்காட்டியது. ஒரு வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால், டீக்கடையிலும் கறிக்கடையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல!

1996 டிசம்பரில் வந்த டி.கே. பாசு தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த அவர், லாக்கப் மரணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டி 1986-ல் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் பிறப்பித்தது. கைது செய்பவர் பெயர் தெரியும் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதின் நேரமும் தேதியும் எழுதிய குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குச் சொல்ல வேண்டும். உடலில் காயம் இருந்தால் அதையும் எழுத வேண்டும். எல்லாமே எழுத்து! அடிக்காதே என்று சொல்வதோடு நில்லாமல் எழுது என்று சொன்னதில்தான் அந்தத் தீர்ப்பின் பலம் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

இப்போதைய சட்டம்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் ‘பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா’ வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டதால் பழைய வக்கீல்களே சில நேரம் தடுமாறுகிறார்கள். நமக்குத் தேவையான எண்கள் சில மட்டும்தான்.

சாட்சியாகவோ விவரம் தெரிந்தவராகவோ ஒருவரைக் கூப்பிடுவது 179-வது பிரிவு. அதற்கு எழுத்துமூலமான உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவரையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத் திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. கேட்க வேண்டியதை வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். மகன் கிடைக்கவில்லை என்று உம்மாவை ஸ்டேஷனில் உட்கார வைப்பது, அண்ணனுக்குப் பதிலாகத் தம்பியைக் கூட்டிப் போவது இவற்றுக்கெல்லாம் எந்தப் பிரிவும் இல்லை.

சந்தேகத்துக்கு உள்ளானவரைக் கூப்பிடுவது 35(3). முன்பு 41ஏ நோட்டீஸ் என்று சொல்வார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய கைப்பேசி ஒன்றைச் சந்தையில் மலிவாக வாங்குகிறார் ஒருவர். அது திருட்டுப் பொருள் என்று பிறகு தெரியவருகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியதாக நிரூபணமானாலும் அதற்குரிய தண்டனை 3 ஆண்டு வரைதான். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, கைது தேவையென்றால் காரணத்தை எழுத வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கைப்பேசி வாங்கியவருக்கு வர வேண்டியது ஒரு தாள். நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நோட்டீஸ் கையில் கிடைத்தால் தவறாமல் போக வேண்டும், முடிந்தால் வக்கீலோடு. போய் ஒத்துழைப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. பயந்து ஊரைவிட்டு ஓடினால் கைதுக்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

கைது என்று ஆகிவிட்டால் 36-வது பிரிவின்படி குறிப்பாணை, 47-ன்படி கைதுக்கான காரணம், 48-ன்படி உறவினருக்குத் தகவல், 38-ன்படி விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை. காரணத்தை வாயால் சொன்னால் போதாது, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், தாமதமானாலும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக விதித்தது. சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அசாதாரண நிலையில் பெண் காவலர் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றே செய்ய முடியும். 18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ உடனே எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய நேரம் அது.

எல்லாருக்கும் தெரிந்தது 24 மணி நேரக் கணக்கு. பயண நேரம் நீங்கலாக அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? போலீசார் கைது என்று எழுதிய நேரத்திலிருந்தா? 1990-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு சுங்க வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஒருவருடைய நடமாட்டம் எப்போது தடுக்கப்பட்டதோ அப்போதே கைது தொடங்கிவிடுகிறது, அதிகாரி எழுதும் நேரத்திலிருந்து அல்ல என்றது. அப்படியானால் அழைத்துச் சென்ற நேரத்துக்குக் குடும்பத்திடம் ஆதாரம் வேண்டும். அதனால்தான் முதலில் அந்தக் கேள்விகளைக் கேட்கிறோம்.

முன்பெல்லாம் இதற்குத் தந்தி கைகொடுத்தது. ஸ்டேஷனில் பிள்ளையை வைத்திருக்கிறார்கள் என்றால் வக்கீல்கள் சொல்லும் முதல் வார்த்தை, போய்த் தந்தி அடி என்பதுதான். தேதியும் நேரமும் அரசு முத்திரையோடு பதிவாகும், பின்னால் யாரும் மறுக்க முடியாது. காசியாபாத் சகோதரர் செய்ததும் அதுதான். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது பலரும் அதைப் பழங்காலத்து நினைவாக மட்டும் பேசினார்கள். ஏழைக் குடும்பம் ஒன்றின் சாட்சியும் அன்றோடு போனதைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. இன்று அந்த இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அல்லது ஆணையருக்கும், பகுதி மாஜிஸ்திரேட்டுக்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் இரண்டே வரி போதும்: இன்னார், இத்தனை மணிக்கு, இந்த இடத்திலிருந்து, இன்ன வாகனத்தில் அழைத்துச் செல்லப்பட்டார், இதுவரை கைது பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. கோபமாக எழுத வேண்டாம். குற்றச்சாட்டும் வேண்டாம். நேரம்தான் முக்கியம். காலையில் அதையே பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடலாம்.

எழுதாமல் விட்டால்

2020 ஜூன் 19 மாலை, சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லித் தந்தையையும், பின்னாலேயே போன மகனையும் நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். மருத்துவர் பார்த்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். தடுத்திருக்கக்கூடிய எந்தக் கட்டத்திலும் யாரும் தடுக்கவில்லை. 22, 23 தேதிகளில் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், நிலையத்தின் கேமரா பதிவுகள் தினமும் தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சேமிக்க வட்டில் இடம் இருந்தும் அப்படி! அன்று இரவு நடந்ததைத் துணிந்து சொன்னவர் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர். காவல்துறை என்றாலே இப்படித்தான் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுபவர்கள் அந்தச் சகோதரியையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளிக்கு நேர்ந்தது இன்னும் அப்பட்டமானது. காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்ற புகார். தனிப்படையினர் அந்த இளைஞரை அழைத்துச் சென்று, நிலையத்துக்கு வெளியே வெவ்வேறு இடங்களில் வைத்து விசாரித்தார்கள். பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். அங்கே நடந்ததற்கு முதல் சாட்சியாக வெளிவந்தது காவல்துறையின் எந்தப் பதிவேடும் அல்ல, மறைவில் நின்று ஒருவர் கைப்பேசியில் எடுத்த காட்சி. வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது.

இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் ஏன் இப்படி? ‘காமன் காஸ்’ அமைப்பும் லோக்நீதி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 17 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 8,276 காவலர்களிடமே கேட்டு 2025-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. கைது நடைமுறைகள் எப்போதும் பின்பற்றப்படுகின்றன என்றவர்கள் 41 சதவீதம்தான். அரிதாக அல்லது ஒருபோதும் இல்லை என்றவர்கள் 24 சதவீதம். சொன்னவர்கள் காவலர்கள் என்பதால் இந்த எண்ணைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பிரிட்டிஷார் காலத்திலிருந்தே உள்ள சட்டம். இப்போதைய சாட்சியச் சட்டத்திலும் 23-வது பிரிவாக அது இருக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு சந்து: கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். நகை எங்கே, கத்தி எங்கே என்று கேட்டு அடிப்பதன் பின்னணி இதுதான். கூடவே, மூன்று நாளில் பொருள் வேண்டும் என்ற மேலதிகாரியின் நெருக்கடி, ஆள் பற்றாக்குறை, ஓய்வில்லாத பணி.

மக்களின் நெருக்கடியும் சேர்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இராது. புகார் கொடுப்பவரே “ரெண்டு தட்டு தட்டுனா உண்மை வந்துடும் சார்” என்கிறார். சில ஊர்களில் சேட்டை செய்யும் பையனைப் பெரியவர்களே ஸ்டேஷனில் விட்டு, பயம் காட்டி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். கையில் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞரின் படத்தைப் போட்டு, கழிப்பறையில் வழுக்கி விழுந்தாராம் என்று சிரிக்கும் வாட்ஸ்அப் செய்திகள் நம் குழுக்களிலும் சுற்றுகின்றன. மடப்புரத்தில் தொடக்கம் ஒரு நகைப் புகார்தான். அடித்தால் உண்மை வரும் என்று நம்பும் ஊரில் அடி எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு நின்றுவிடாது.

அடித்தால் உண்மை வருமா என்பதற்கு இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்தது. 1974-ல் பர்மிங்காம் நகர மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு பேர் பிடிபட்டு, அவர்களில் நால்வர் வாக்குமூலங்களில் கையெழுத்திட்டு, ஆறு பேருமே ஆயுள் தண்டனை பெற்றார்கள். அடித்து வாங்கிய கையெழுத்து என்று அவர்கள் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. 16 ஆண்டுகள் சிறையில் கழித்த பிறகு 1991-ல் அவர்களின் தண்டனை ரத்தானது. குண்டு வைத்தவர்கள் அதுவரை வெளியில் இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். இப்படிப்பட்ட வழக்குகள் பற்றிய விவாதங்களுக்கு நடுவே 1984-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. காவலுக்குக் கொண்டுவரப்படும் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவேடு. வந்த நேரம், சாப்பிட்டது, மருத்துவர் பார்த்தது எல்லாம் அதில் ஏறும். அதை எழுதுபவர் அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரி அல்ல, அதற்கென உள்ள வேறு அதிகாரி. விசாரணையை ஒலிப்பதிவு செய்கிறார்கள். 1990களில் விசாரிக்கும் முறையையே மாற்றி, ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டு விவரம் திரட்டும் பயிற்சி கொடுத்தார்கள்.

நம் நாட்டில் விசாரிப்பவரும் காவலில் வைப்பவரும் ஒரே நிலையத்து ஆட்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் கேமரா. நுழைவாயில், லாக்கப், நடைபாதை, ஆய்வாளர் அறை உட்பட எல்லா இடத்திலும், ஒலியோடும் இரவிலும் பதியும்படி வைத்து, பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சரியாக நிறைவேறவில்லை என்று 2025 செப்டம்பரில் தானாகவே மறுபடி வழக்கு எடுத்தது. காவலில் பலத்த காயம் ஏற்பட்டால் மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவை வரவழைக்க முடியும். புகார் மனுவிலேயே தேதியும் நேரமும் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்டுவிட வேண்டும்.

ரிமாண்டு அன்று

விசாரணையில் சொன்னதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். அதில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். குறிப்பாணைக்குச் சாட்சியாக உறவினரைக் கூப்பிட்டால், அதில் எழுதியுள்ள நேரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நேரம் தவறாக இருந்தால் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதலாம்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைத் தொடர்பு கொள்ளலாம். வக்கீல் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் முன் இந்த எண்ணை முயன்று பாருங்கள்.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது குடும்பத்தார் யாராவது அங்கே இருக்க வேண்டும். அடித்திருந்தால் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வெளியே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் அங்கே வாய் திறப்பதில்லை. வலியை விட, திரும்பவும் அவர்களோடுதானே வேனில் ஏற வேண்டும் என்ற பயம். கைதானவரை மருத்துவர் பரிசோதித்த அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் குறிப்பிடும் ஆளுக்கோ தரப்பட வேண்டும் என்பது 53-வது பிரிவு. அறிக்கையில் காயம் விட்டுப்போயிருந்தால் மறு பரிசோதனைக்கு அங்கேயே வக்கீல் மூலம் கேட்கலாம். சர்க்கரை, வலிப்பு, இதய நோய் உள்ளவர் என்றால் மருந்துச் சீட்டையும் மூன்று நாள் மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள். சிறையில் அந்த மருந்து கொடுக்கப்பட வேண்டும் என்று ரிமாண்டு உத்தரவிலேயே எழுதித் தரும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம்.